வீட்டு புரோக்கர் யாருக்காக வேலை செய்கிறார்?

சேலையூர் பக்கம் பழைய ஃபிளாட் ஒன்று வாங்கலாம் என்று அலைந்த நான்கு மாதத்தில் என் போனில் 11 புரோக்கர்களின் நம்பர் சேர்ந்துவிட்டது. அதில் ஒருவர் மூலமாகத்தான் கடைசியில் வீடு அமைந்தது. 60 லட்சத்துக்கு முடிந்தது. எங்கள் பக்கத்துக் கமிஷன் ஒரு சதவீதம், அதாவது 60,000 ரூபாய். அதைக் கொடுத்துவிட்டு வந்த அன்று ராத்திரி அம்மா கேட்டார்: "கதவைத் தொறந்து காட்டினதுக்கா அறுபதாயிரம்?"

நியாயமான கேள்விதான். அவருக்குப் பதில் சொல்லப் போனபோதுதான், புரோக்கர் உண்மையிலேயே செய்கிற வேலை எது, செய்வார் என்று நாமாக நினைத்துக்கொள்கிற வேலை எது என்று எனக்கே பிரிந்து தெரிந்தது. முதல்முறையாக வாங்கப் போகிறவர்களுக்கும் விற்கப் போகிறவர்களுக்கும் உதவட்டும் என்று எழுதி வைக்கிறேன். நான் சொல்வதெல்லாம் சென்னைப் புறநகர் நிலவரம். மற்ற ஊர்களில் கமிஷன் விகிதமும் பேச்சுவழக்கும் கொஞ்சம் மாறும், அடிப்படை ஒன்றுதான்.

புரோக்கரின் கையில் இருக்கும் சரக்கு வீடு அல்ல, தகவல். எந்தத் தெருவில் யார் விற்கிறார், ஏன் விற்கிறார், எவ்வளவு அவசரம், எதுவரை இறங்குவார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். எங்கள் புரோக்கர் டி.வி.எஸ். எக்ஸ்.எல்லின் முன்பக்கப் பையில் ஒரு நீள நோட்டு வைத்திருப்பார். இடது பக்கத்தில் விற்பவர்கள், வலது பக்கத்தில் வாங்குபவர்கள். ஒருமுறை அவர் டீ வாங்கப் போனபோது எட்டிப் பார்த்தேன். எங்கள் பெயருக்கு எதிரே "கி.பா., லிஃப்ட், லோன், தெ.கு. வேணாம்" என்று இருந்தது. கிழக்குப் பார்த்த வாசல், லிஃப்ட், வங்கிக் கடன், தெருக்குத்து வேண்டாம். முதல் நாள் அம்மா போகிறபோக்கில் சொன்ன தெருக்குத்து வரைக்கும் குறித்திருக்கிறார். அதற்கப்புறம் அவர் காட்டியது ஐந்தே வீடுகள். மற்ற பத்துப் பேரும் சேர்ந்து முப்பது வீடு காட்டியிருப்பார்கள், பாதி மேற்குப் பார்த்தவை.

வாங்குபவருக்கு அவர் செய்கிற முதல் வேலை இந்தச் சலிப்புதான். சல்லடையில் போட்டுச் சலிப்பதைச் சொல்கிறேன்.

அடுத்தது விலை நிலவரம். மேஜிக்பிரிக்ஸ், 99ஏக்கர்ஸ் மாதிரி தளங்களில் நாம் பார்ப்பது விற்பவர் கேட்கிற விலை. முடிகிற விலை அங்கே இருக்காது. "போன மாசம் இதே பில்டிங்ல ரெண்டாவது மாடி 58-க்கு முடிஞ்சுது சார்" என்று சொல்ல அந்த ஏரியாவில் புழங்குகிற ஒருவரால்தான் முடியும். அதை அப்படியே நம்ப வேண்டியதும் இல்லை. பதிவுத்துறையின் தளத்தில் அந்த சர்வே எண்ணுக்கு வில்லங்கம் (அந்தச் சொத்தில் இதுவரை பதிவானவற்றின் பட்டியல்) போட்டுப் பார்த்தால், அதே கட்டடத்தில் இதற்குமுன் பதிவான கிரயங்களும் அவற்றின் தொகையும் வரும். பத்திரத்தில் போட்ட தொகை நிஜத்தொகையைவிடக் குறைவாக இருக்க வாய்ப்புண்டு என்றாலும், புரோக்கர் அளந்துவிடுகிறாரா என்று ஓரளவுக்குப் பிடிபடும்.

மூன்றாவதாகப் பேரம். இங்கேதான் அவருடைய தொழில் தெரியும்.

விற்பவர் 64 லட்சம் கேட்டார். நாங்கள் 57 என்றோம். அவர் ஓய்வுபெற்ற பெரியவர், மகன்கள் இரண்டு பேரும் வெளியூரில். நேருக்கு நேர் உட்கார்ந்தபோது இரண்டு பக்கமும் வாய் திறக்கவில்லை. புரோக்கர் என்னை மட்டும் வாசலுக்குக் கூட்டிப்போனார். "ஐயா 62-க்குக் கீழ வர மாட்டேங்கறார் சார். நீங்க ஒரு எட்டு எடுத்து வெச்சா, அவரையும் ஒரு எட்டு எடுத்து வைக்கச் சொல்றேன்." 59 என்றேன். உள்ளே போனார். அப்புறம் அவரைப் பின்பக்க பால்கனிக்குக் கூட்டிப்போனார். அங்கே என்ன சொன்னார் என்று பல வாரம் கழித்துப் பெரியவரே சிரித்துக்கொண்டு சொன்னார்: "நல்ல பார்ட்டிங்கய்யா, லோன் ரெடியா இருக்கு, இன்னிக்கு விட்டா மேடவாக்கத்துல ஒண்ணு முடிச்சிடுவாங்க." மேடவாக்கத்தில் நாங்கள் எதையும் பார்க்கவே இல்லை. முக்கால் மணி நேரத்தில் 60-க்கு முடிந்தது. முகத்துக்கு நேரே பேசியிருந்தால் யாராவது ஒருவர் கோபித்துக்கொண்டு எழுந்து போயிருப்போம்.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம், எல்லாம் இதில்தான் இருக்கிறது. இந்த வியாபாரத்தில் அவருக்கு எங்களிடம் ஒரு சதவீதம், விற்பவரிடம் ஒரு சதவீதம், மொத்தம் 1,20,000 ரூபாய். விலை 60-லிருந்து 58-க்கு இறங்கியிருந்தால் எனக்கு 2 லட்சம் மிச்சம். அவருக்கு நஷ்டம் எவ்வளவு? 4,000 ரூபாய். 62-க்கு ஏறியிருந்தால் பெரியவருக்கு 2 லட்சம் கூடுதல், புரோக்கருக்கு அதே 4,000 கூடுதல். ஆனால் பேச்சு முறிந்திருந்தால் அவருக்குப் போவது முழு 1,20,000.

ஆகவே விலை ஏறுவதோ இறங்குவதோ அவருக்குப் பெரிய விஷயமே இல்லை. முடிய வேண்டும், சீக்கிரம் முடிய வேண்டும், அவ்வளவுதான். அவர் எனக்காக வேலை செய்தாரா, பெரியவருக்காகச் செய்தாரா என்று கேட்டால், வியாபாரம் முடிவதற்காக வேலை செய்தார் என்பதுதான் சரியான பதில். அமெரிக்காவில் விற்பவருக்கு ஒரு ஏஜெண்ட், வாங்குபவருக்கு ஒரு ஏஜெண்ட் என்று தனித்தனியாக வைத்துக்கொள்வது சகஜம். இங்கே பெரும்பாலும் நடுவில் ஒரே ஆள், இரண்டு பக்கமும் கமிஷன். இதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை, எல்லோருக்கும் தெரிந்த ஏற்பாடு. இதை மனதில் வைத்துக்கொண்டால், அவர் சொல்வதில் எதைக் காதில் வாங்குவது, எதை நாமே போய்ச் சரிபார்ப்பது என்பது தானாகத் தெளியும்.

பத்திரம் பார்ப்பது அவர் வேலை இல்லை

"டாக்குமெண்ட் எல்லாம் கிளியர் சார்" என்று சொல்லாத புரோக்கரை நான் இதுவரை பார்த்ததில்லை. பொய் சொல்கிறார்கள் என்று அர்த்தமில்லை. விற்பவர் அப்படிச் சொல்லியிருப்பார், இவர் நம்மிடம் சொல்கிறார். ஜெராக்ஸ் வாங்கித் தருவார். படித்துப் பார்த்துப் பொறுப்பேற்க மாட்டார்.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் 30 வருட வில்லங்கம் போட்டோம். நடுவில் ஒரு வரி: பெரியவர் ஒரு வங்கியில் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கியது பதிவாகியிருந்தது. கடன் அடைந்ததற்கான ரசீது பதிவாகவில்லை. புரோக்கரிடம் கேட்டேன். "அதெல்லாம் எப்பவோ கட்டி முடிச்சாச்சு சார். ஒரிஜினல் பத்திரமே ஐயா பீரோல இருக்கு பாருங்க." அவர் சொன்னது உண்மைதான். கடன் அடைந்திருந்தது, பத்திரமும் கையில் இருந்தது. ஆனால் வில்லங்கத்தில் அந்த வரி அப்படியே நிற்கும்வரை எங்களுக்குக் கடன் கொடுக்கிற வங்கி ஒத்துக்கொள்ளாது. வங்கியின் வக்கீல் பார்க்கும்போது எப்படியும் வெளியே வந்திருக்கும். அதற்குள் எங்கள் அட்வான்ஸ் போய்ச் சேர்ந்திருக்கும் என்பதுதான் வித்தியாசம்.

அப்போது ஆனி மாதக் கடைசி. ஆடியில் யாரும் பத்திரம் பதிய மாட்டார்கள், அதற்குள் முடித்துவிட வேண்டும் என்று புரோக்கருக்கு அவசரம். "இதுக்குப் போய் நிறுத்தறீங்களே சார்" என்று முகம் சுண்டிப்போனது. நாங்கள் நகரவில்லை. மறுநாள் காலையில் அவரே பெரியவரை எக்ஸ்.எல்லில் பின்னால் உட்காரவைத்து வங்கிக்குக் கூட்டிப்போனார். கிளை மாறியிருந்தது, பழைய கணக்கைத் தேட வேண்டியிருந்தது, மூன்று வாரம் ஆனது. ஐந்தாறு தடவை அலைந்து, வங்கி அதிகாரியை சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வரவழைத்து ரசீதைப் பதிய வைத்தவர் அதே புரோக்கர்தான். பெரியவரால் தனியாக நடந்திருக்காது. பிரச்சினையைக் கண்டுபிடிப்பது நம் வேலை. கண்டுபிடித்ததைச் சொல்லி நின்றால், அதைத் தீர்க்க ஓடுவதில் புரோக்கரை மிஞ்ச ஆளில்லை. தீர்ந்தால்தானே அவருக்குக் கமிஷன்.

வில்லங்கச் சான்று மட்டும் போதாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பதிவானதுதான் அதில் வரும். உயில், நிலுவையில் உள்ள வழக்கு, பதியாத குத்தகை எல்லாம் அதில் தெரியாமல் போகலாம். தாய்ப் பத்திரத்திலிருந்து, அதாவது பழைய மூலப் பத்திரத்திலிருந்து தொடங்கி ஒவ்வொரு கையாக எப்படி மாறி வந்தது என்று சொந்தமாக ஒரு வக்கீலை வைத்துப் பார்ப்பதுதான் சரி. புரோக்கர் "நம்ம வக்கீல் ஒருத்தர் இருக்கார்" என்பார். வேண்டாம். அப்பா காலத்துச் சொத்து என்றால் வாரிசுகள் எல்லோருடைய கையெழுத்தும் வேண்டும், அக்கா தங்கைகள் உட்பட. தமிழ்நாட்டில் 1989-லேயே இந்துக் குடும்பங்களின் பூர்வீகச் சொத்தில், அப்போது கல்யாணமாகாத மகள்களுக்கும் பங்கு என்று சட்டம் வந்துவிட்டது, 2005-ல் கல்யாணமானவர்களுக்கும் சேர்த்து நாடு முழுமைக்கும் வந்தது. "தங்கச்சிக்குக் கல்யாணத்துலயே செஞ்சாச்சு" என்று விற்பவர் சொல்வதும், புரோக்கர் அதற்குத் தலையாட்டுவதும் பத்திரத்தில் செல்லாது.

"பவர்" என்ற சொல்லைக் கேட்டாலும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள். சொந்தக்காரர் எழுதிக்கொடுத்த பொது அதிகாரப் பத்திரத்தை வைத்து ஒருவர் சொந்தக்காரர் சார்பில் கிரயம் செய்துகொடுக்கலாம், அது சரி. ஆனால் வெறும் பவரை வாங்கி வைத்துக்கொள்வது சொத்தை வாங்கியதாக ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2011-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

விற்பவருக்கு என்ன செய்கிறார்?

விற்கிறவருக்குப் பெரிய உதவி, வருகிறவர்களை வடிகட்டுவது. பெரியவர் முதலில் தானே விளம்பரம் போட்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் பத்துக் குடும்பம் வந்து சமையலறைக் குழாயைத் திறந்து பார்த்துவிட்டு, காபியும் குடித்துவிட்டுப் போயிருக்கிறது. வாங்குகிற பணம் யாரிடமும் இல்லை. புரோக்கர் வந்தபிறகு, கடனுக்கு வங்கியில் பேசிவிட்டவர்கள் மட்டும் வந்தார்கள். வீட்டைக் காலி செய்து வெள்ளையடித்துவிட்டுக் காட்டினால் ஒரு லட்சமாவது கூடும் என்று சொன்னதும் அவர்தான். மொத்தமாகக் கையில் என்ன கிடைக்கும் என்ற கணக்கும் போட்டுக் கொடுத்தாராம், ஆனால் வருமான வரியை விட்டுவிட்டு. அதற்கு ஆடிட்டரிடம்தான் போக வேண்டும்.

விற்பவர்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. சில புரோக்கர்கள் கமிஷனே கேட்க மாட்டார்கள். "உங்களுக்குக் கையில 55 வந்தா போதுமில்ல ஐயா? மத்ததை நான் பாத்துக்கறேன்" என்பார்கள். இதற்கு "மேல வெச்சு விக்கறது" என்று பெயர். 60-க்கு விற்றால் 5 லட்சம் அவருக்கு. விற்பவரையும் வாங்குபவரையும் பதிவு நாள்வரை சந்திக்கவே விடமாட்டார்கள். இன்னும் சிலர் கொஞ்சம் அட்வான்ஸ் கொடுத்துத் தங்கள் பெயரில் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, கெடுவுக்குள் வேறு ஆளுக்குக் கைமாற்றிவிடுவார்கள். அந்த நேரத்தில் அவர் புரோக்கர் இல்லை, வியாபாரி. வியாபாரம் தப்பில்லை, எந்த வேடத்தில் வந்திருக்கிறார் என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். புரோக்கர் எவ்வளவு ஒழுங்கானவராக இருந்தாலும், விலை பேசும்போது ஒரு தடவையாவது எதிர்த்தரப்பை நேரில் பார்த்துவிடுங்கள்.

ஒரே வீட்டை நாலு புரோக்கரிடம் சொல்லி வைத்தால் இன்னொரு தலைவலி. "இந்தப் பார்ட்டிக்கு மொதல்ல வீட்டைக் காட்டினது நான்தான்" என்று இரண்டு பேர் வந்து நிற்பார்கள். யார் என்றைக்கு யாரைக் கூட்டிவந்தார் என்று வாட்ஸ்ஆப்பில் ஒரு வரி போட்டு வைத்தால் போதும். வாங்குபவருக்கும் இதே விதிதான்: ஏற்கெனவே ஒருவர் காட்டிய வீட்டை வேறொருவர் அழைத்துப்போனால், வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.

கமிஷன், பதிவு, ரெரா

கமிஷன் இவ்வளவு என்று எல்லா வியாபாரத்துக்கும் பொருந்தும் அரசு விகிதம் கிடையாது, எல்லாம் வழக்கம்தான். சென்னைப் பக்கம் விற்பனைக்கு ஒரு பக்கம் 1 முதல் 2 சதவீதம், வாடகைக்குப் பெரும்பாலும் ஒரு மாத வாடகை. வீடு பார்க்கப் போகும் முன்பே பேசிவிட வேண்டும். எத்தனை சதவீதம், எப்போது கொடுப்பது, நடுவில் எத்தனை துணை புரோக்கர் இருந்தாலும் இதுதான் மொத்தம், இந்த மூன்றும். நாங்கள் அட்வான்ஸ் அன்று கால் பங்கு, பதிவு முடிந்ததும் மீதி என்று பேசினோம். முழுவதையும் அட்வான்ஸ் அன்றே கேட்டால் கொடுக்காதீர்கள், அப்புறம் அந்த மூன்று வார அலைச்சலுக்கு ஆள் கிடைக்காது.

புது ஃபிளாட், புது மனைப்பிரிவு என்றால் விஷயம் வேறு. அங்கே 2016-ஆம் வருட ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், எல்லோரும் சொல்கிற ரெரா, வந்துவிடும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலம் அல்லது 8 வீடுகளுக்கு மேல் உள்ள திட்டம் பதிவாகியிருக்க வேண்டும். அதில் வீடு விற்றுத்தருகிற ஏஜெண்டும் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவில்லாமல் விற்றால் ஏஜெண்டுக்கு நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம், அது சொத்து விலையில் 5 சதவீதம் வரைக்கும் ஏறலாம். திட்டத்தின் எண்ணையும் ஏஜெண்டின் எண்ணையும் தமிழ்நாடு ரெராவின் தளத்தில் நாமே பார்க்கலாம். ஏஜெண்டிடம் கார்ப்பெட் ஏரியா, அதாவது வீட்டுக்குள் புழங்குகிற பரப்பு, எவ்வளவு என்று கேளுங்கள். 1,000 சதுர அடி என்று ஏஜெண்ட் சொல்வதில் படிக்கட்டு, லிஃப்ட், வராண்டாவெல்லாம் சேர்ந்திருக்கும். வெளிச்சுவரையும் பால்கனியையும் விட்டுவிட்டு உள்ளே அளந்தால் 700 சொச்சம் நின்றாலும் ஆச்சரியமில்லை. ஒப்பந்தம் பதிவதற்கு முன் பில்டர் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்பதும் அதே சட்டம்தான். எங்களுடையது மாதிரி ஒருவர் வீட்டை இன்னொருவர் வாங்குகிற மறுவிற்பனையில் இந்தப் பாதுகாப்பை எதிர்பார்க்க முடியாது.

பணம் எவ்வளவு புரட்ட வேண்டும் என்று புரோக்கர் சொல்லும் கணக்கு எப்போதும் கொஞ்சம் இனிப்பாகவே இருக்கும். எங்கள் நிஜக் கணக்கு இது: 60 லட்சம் வீட்டுக்கு வங்கிக் கடன் 80 சதவீதம், 48 லட்சம். மீதி 12 லட்சம் கைப்பணம். முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், சேர்த்து 5,40,000. இதை வங்கி கடனில் சேர்க்காது. கமிஷன் 60,000. வக்கீல், பத்திரம் எழுதுபவர் தனி. 12 லட்சம் போதும் என்று கிளம்பிய நாங்கள் 18 லட்சத்துக்கு மேல் புரட்ட வேண்டியிருந்தது. விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால், வாங்குபவர் 1 சதவீதம் டி.டி.எஸ். (விற்பவரின் வருமான வரிக்காக முன்கூட்டியே பிடிப்பது) பிடித்து விற்பவரின் பான் எண்ணில் கட்ட வேண்டும். இது கூடுதல் செலவில்லை, விற்பவருக்குக் கொடுப்பதில் கழிப்பது. விற்பவர் வெளிநாட்டில் குடியிருப்பவர் என்றால் பிடிக்க வேண்டிய தொகை இதைவிட நிறைய, ஆடிட்டரைக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். எந்தப் புரோக்கரும் இதைத் தானாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

அட்வான்ஸை ரொக்கமாகக் கொடுக்கச் சொன்னால் முடியாது என்று சொல்லிவிடுங்கள். சொத்துக்கான அட்வான்ஸை 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்று வருமான வரிச் சட்டத்திலேயே இருக்கிறது. கிரய ஒப்பந்தத்தையும் பதிய வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து சட்டம். "இருபது ரூபா பத்திரத்துல எழுதிக்கலாம் சார், எதுக்கு வெட்டிச் செலவு" என்று எங்கள் புரோக்கரும் சொல்லிப் பார்த்தார்.

ஆவணியில் முதல் முகூர்த்த நாள் கிடைத்தது. சார்பதிவாளர் அலுவலகத்தில் நல்ல கூட்டம். டோக்கன் போட்டது, பெரியவருக்கு நாற்காலி பிடித்துக் கொடுத்தது, சாட்சிக் கையெழுத்துக்கு ஆள் ஏற்பாடு செய்தது, ராகு காலத்துக்கு முன் எங்களைக் கேமரா முன்னால் உட்காரவைத்தது எல்லாம் புரோக்கர்தான். வெளியே வந்ததும் பெரியவர் எங்களிடம் சாவியைக் கொடுத்தார். இருவரும் புரோக்கரிடம் பாக்கிக் கமிஷனைக் கொடுத்தோம். எண்ணிப் பையில் வைத்துக்கொண்டு, நோட்டில் எங்கள் பெயரை நீளமாக ஒரு கோடு போட்டு அடித்தார்.

மின் இணைப்பையும் சொத்துவரியையும் எங்கள் பெயருக்கு மாற்ற நாங்களேதான் அலைந்தோம். அதெல்லாம் கமிஷனில் சேர்த்தி இல்லை. சேர்க்க வேண்டுமென்றால் முன்கூட்டியே பேசியிருக்க வேண்டும், எங்களுக்குத் தோன்றவில்லை. போன மாதம் அவர் நம்பரிலிருந்து போன் வந்தது. வீடு எப்படி இருக்கிறது என்று விசாரிக்கிறாராக்கும் என்று எடுத்தேன். "சார், உங்க ஃபிளாட்டுக்கு ஒரு நல்ல பார்ட்டி இருக்கு. 68 வரைக்கும் வருவாங்க. ஐயா மாதிரி இல்ல, டாக்குமெண்ட் உங்களுது கிளியரா இருக்கு. கொடுக்கறீங்களா?"